நாற்பத்தேழாம் எண் வீட்டில் எத்தனை அடுப்பு?

பக்க வாசல் தாழ்வானது. நிலைப்படிக்கு வலப்புறச் சுவரில் சுண்ணாம்பு உதிராத இடமாகப் பார்த்தேன். தாழம்விழுதைத் தட்டிச் செய்த தூரிகையைத் தாரில் தோய்த்து 48 என்று எழுதினேன். எட்டின் கீழ்ச் சுழி வழிந்தது. விரலால் துடைத்தேன். அந்தக் கறை இரண்டு நாள் விரலை விட்டுப் போகவில்லை.

அதே வீட்டின் முன் வாசலில் கால் மணி நேரத்துக்கு முன்புதான் 47 என்று எழுதியிருந்தேன். ஒரே கூரை, ஒரே மதில், ஒரே கிணறு. எண் மட்டும் இரண்டு.

"இது என்னது, சாரே?"

திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றாள். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்திருந்தாள். அவள் பெயர் பகவதி என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஒங்களுக்குத் தனி நம்பர் போட்டிருக்கு," என்றேன். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

"ஆரு போடச் சொன்னா?"

"ஆரும் சொல்லண்டாம். தனி அடுப்பு இருந்தா தனி வீடு. சட்டம் அதாக்கும்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அழிச்சிருங்க," என்றாள்.

"அழிக்கப்பிடாது. குத்தமாக்கும்."

"நான் அழிச்சா குத்தம். நீங்க கேக்காம எழுதினா குத்தமில்ல, இல்லியா?"

தலையைக் குனிந்து அந்தத் தாழ்ந்த வாசலுக்குள் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வீட்டுக்கு நடந்தேன். நாற்பத்தொன்பது எழுத வேண்டியிருந்தது.

ஆட்களுக்கு முன்னால் சுவர்கள்

முப்பதுகள் பிறந்த புதிது அது. சென்ற வாரம் எழுதியபடி, புதுக்கடையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. தலைமையாசிரியர் ஒருநாள் அழைத்து, கெட்டி அட்டை போட்ட ஒரு சிறு புத்தகத்தையும் தார் டின்னையும் கொடுத்தார். ஜனத்தொகை எடுக்கிற வேலை. திருவனந்தபுரத்துச் சர்க்காரின் உத்தரவு, மறுக்க முடியாது.

வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் வீடுகளுக்கு எண் போட வேண்டும். இரண்டு மாதம் கழித்து, அந்த எண்களின் வரிசையில் போய் ஆட்களை எழுத வேண்டும். முதல் கட்டத்தில் நாங்கள் பார்த்தது சுவர்களை மட்டும்தான்.

வீடு என்றால் என்ன என்பதற்குப் புத்தகத்தில் விளக்கம் இருந்தது. கூரையை வைத்தோ கதவை வைத்தோ அல்ல. ஓர் அடுப்பில் சமைத்ததை உண்டு சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு வீடு. எளிமையாக இருந்ததால் எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது.

நாற்பத்தேழாம் எண் வீட்டில் என்னை வரவேற்றவர் அணஞ்சபெருமாள் பிள்ளை. முப்பது வயதிருக்கும். மோர் கொடுத்தார். நான் புத்தகத்தை மூடும் நேரம் பார்த்து மெல்லச் சொன்னார்:

"சாரே, இங்க ரெண்டு அடுப்பாக்கும். எங்க அத்தை தனியாப் பொங்கித் திங்கா. நான் சொல்லுகேண்ணு எழுதண்டாம். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வீட்டின் பக்கவாட்டில், பசு கட்டிய தொழுவத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு. அதில் மூன்று கல் வைத்த அடுப்பு. தணல் இருந்தது. மேலே சிறிய பானையில் சோறு வெந்துகொண்டிருந்தது. மூலையில் இரண்டு தட்டம், ஓர் உப்புச் சட்டி.

பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் எனக்குக் கற்பித்த முதல் பாடம், கேட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது என்பது. அன்று அந்தப் பாடம் இல்லாமலே அப்படித்தான் செய்தேன். பார்த்தது அத்தனையும் உண்மை. தவறு அதில் இல்லை.

தவறு என் ஊரில் இருந்தது. புதுக்கடைப் பக்கம் எங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்களிடையே, கணவனை இழந்த பெண்ணுக்குத் தனி அடுப்பு என்பது கௌரவம். என் சித்தி ஒருத்தி முந்தைய கணக்கில் தன் சுவரில் போட்ட எண்ணைப் பத்து வருஷம் காப்பாற்றி வைத்திருந்தாள். வெள்ளையடிக்க வருபவனிடம், "அதை விட்டுட்டு அடி," என்பாள். சுவர் வெளுக்க வெளுக்க எண்ணைச் சுற்றி ஒரு பழுப்புச் சதுரம் நின்றது. பகவதிக்கும் நான் அந்தச் சதுரத்தைத்தான் கொடுத்ததாக எண்ணிக்கொண்டேன்.

எந்த ஊர்?

இங்கே அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொட்டாரத்திலிருந்து ஒரு வாசகர், அந்தக் காலத்து நாகர்கோவிலில் யார்தான் இருந்தார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

என் பங்குக்கு வந்தது வடசேரிக்குத் தெற்கே ஒரு நீளத் தெருவும் அதன் கிளைச் சந்துகளும். தெருவின் மேல்பாதி பழைய ஓட்டு வீடுகள். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள். கீழ்ப்பாதி புதிது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு தென்னந்தோப்பாக இருந்த இடம். அங்கே வாடகைக் குடியிருப்புகள் முளைத்திருந்தன. நெசவுக்காரர்கள், மோட்டார் ஓட்டுகிறவர்கள், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் குடும்பங்கள், கோர்ட்டுக் குமாஸ்தாக்கள், கடற்கரையிலிருந்து வந்து கருவாட்டுக் கடை வைத்த இருவர்.

பிறந்த ஊர் எது என்று கேட்க வேண்டும். கீழ்ப்பாதியில் யாரும் நாகர்கோவில் என்று சொல்லவில்லை. சிதறால், குளச்சல், கொட்டாரம், தோவாளை என்றே சொன்னார்கள். ஒருவர் இந்த ஊரில் பிறந்தவர், இங்கேயே மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். அவரும், "எங்களுக்கு சிதறாலாக்கும்," என்றார். "நீங்க பிறந்தது?" என்றேன். "பிறந்தது இங்க. ஊரு சிதறாலு."

வயது இன்னொரு தொல்லை. வருஷம் சொன்னவர்கள் குறைவு. வெள்ளம் வந்தபோது இடுப்பில் இருந்தான், கொள்ளை நோய் வந்தபோது பல் விழுந்திருந்தது என்பார்கள். நான் மனக்கணக்காக ஒரு வயது போடுவேன். அவர்கள் எட்டிப் பார்த்து, "அவ்வளவு ஆயிட்டா?" என்பார்கள்.

எழுத்தறிவுக்கும் ஒரு விதி இருந்தது. ஒரு கடிதம் எழுதி, வருகிற பதிலை வாசிக்கத் தெரிந்தால்தான் எழுத்தறிந்தவர். எங்கள் சபையைச் சேர்ந்த முதிய பெண் ஒருத்தி வேதப் புத்தகத்தை விரல் வைத்துச் சரளமாக வாசித்தாள். கடிதம் எழுதத் தெரியாது. விதிப்படி அவள் எழுத்தறியாதவள். சொல்லாமல் எழுதிக்கொண்டேன். அவளோ இன்னொரு சங்கீதம் வாசிக்கட்டுமா என்று கேட்டாள்.

என் பேச்சும் அந்தத் தெருவுக்கு ஒரு பொழுதுபோக்கு. மேற்குத் தாலுகாக்காரன் பேசினால் கிழக்கே பாட்டு மாதிரிக் கேட்கும். ஒரு வீட்டில் கேள்விகளைக் கேட்டு முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "அடுத்த சரணம் இல்லியா?" என்றது.

தங்கமுத்து அண்ணாச்சி சொன்னது

நான் குடியிருந்தது கயிறும் பாயும் விற்கும் ஒரு கடையின் பின்னறையில். கடைக்காரர் தங்கமுத்து அண்ணாச்சி. கொட்டாரத்துக்காரர். ஐயா வழி என்ற சமய மரபைச் சேர்ந்தவர். காலையில் தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்ட பிறகுதான் கடையைத் திறப்பார். அவரிடம் மதம் கேட்டபோது புத்தகத்தில் அவர் வழிக்கென்று தனிப் பெயர் இல்லை. தயங்கினேன். "எழுதும், இந்துண்ணே எழுதும். நான் ஆருண்ணு ஐயாவுக்குத் தெரியும். திருவனந்தபுரத்துக்குத் தெரியணும்னு இல்ல," என்றார்.

எண் போட்ட அன்று சாயங்காலம் கை கழுவிக்கொண்டே பகவதி பேசியதை அவரிடம் சொன்னேன். அண்ணாச்சி கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தார்.

"தனி நம்பரா போட்டீரு?"

"தனி அடுப்பு இருந்துது."

"வே, நீரு அந்தப் பொம்பளைக்க வயத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீரே."

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். அந்தக் குடும்பங்களில் சொத்து மருமக்கள் வழியாகப் போகும். ஒருவர் இறந்தால் அவருடைய நிலமும் வீடும் அவர் பெற்ற பிள்ளைகளுக்கு அல்ல, அவருடைய சகோதரியின் மகனுக்கு. சில வருஷங்களுக்கு முன் சட்டம் மாறியிருந்தது. ஆனால் பகவதியின் கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீடு அணஞ்சபெருமாளுக்கு வந்துவிட்டது. அவர் இறந்தவரின் சகோதரி மகன்.

விதவைக்கு ஒரே பிடிமானம்தான். வீட்டோடு ஒன்றாக இருக்கும்வரை கூரையும் சோறும் உண்டு. யாரும் இறக்கிவிட முடியாது. அவளாக அடுப்பைப் பிரித்துக்கொண்டால், பிரிந்து போகச் சம்மதித்தாள் என்று பொருள். ஏதோ ஒரு சிறு பங்கைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

"எங்க போவா?"

"கொட்டாரத்துல அண்ணன் வீடு. எனக்குத் தெரியும் அந்த வீட்ட. அவனுக்கே ஏழெட்டுப் பிள்ளைய. இவ மக இங்க மிஷன் பள்ளிக்கூடத்துல படிக்கி. அங்க போனா படிப்பா? சாணி வாரத்தான் போவா."

"பின்ன எதுக்குத் தனியாப் பொங்கினா?"

"அந்த அடுப்பு பசுவுக்குப் பருத்திக்கொட்டை அவிக்க வச்சதாக்கும். ஒருநாளு அணஞ்சபெருமாள் அந்தப் பிள்ளையப் பாத்து, ஓசிச் சோறு திங்கியாண்ணு கேட்டிருக்கான். பிள்ள தட்டத்த வச்சிட்டு எந்திரிச்சிட்டு. அண்ணையிலேருந்து இவ பசு அடுப்புல ரெண்டு பிடி அரிசி போடுகா. ரோசம். ஒரு மாசமாட்டு நடக்கு. நேத்துவரைக்கும் அது வீட்டுக்குள்ள நடந்த சண்ட. நீரு அத சுவருல எழுதிட்டீரு. அதும் சர்க்கார் தாருல."

அணஞ்சபெருமாள் கொடுத்த மோர் நினைவுக்கு வந்தது.

பார்வத்தியக்காரர்

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பகுதிக் கச்சேரிக்குப் போனேன். எங்கள் வேலையை மேற்பார்வையிட்டவர் அந்தப் பகுதியில் வரி வசூலிக்கும் அதிகாரியான பார்வத்தியக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் சொன்னது முழுவதையும் கேட்டார்.

"நம்பர் போட்டா போட்டதுதான். நகல் திருவனந்தபுரத்துக்குப் போயாச்சு," என்றார்.

"நான் அந்த ஊரு வழக்கம் அறியாம போட்டது."

"வழக்கம் அறியச் சொல்லி ஒமக்கு உத்தரவு இல்லியே. அடுப்பைப் பாக்கச் சொல்லி உத்தரவு. பாத்தீரு. போட்டீரு."

எழுந்தேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"ஆள் எழுதப் போறது எப்ப?"

"தை கடைசியில."

"அன்னைக்கு அந்த நாப்பத்தெட்டுல அடுப்பு எரியலைண்ணா, ஆளில்லைண்ணு ஒரு கோடு போட்டுட்டு வாரும். அதுக்கும் உத்தரவு இருக்கு. ஆனா இன்னொண்ணு. அதுவரைக்கும் நீரு போய் ஆருக்கும் புத்தி சொல்லப்பிடாது. எண்ணுகவன் எண்ணணும். அவ்வளவுதான்."

அந்த இரண்டு மாதமும் என்னை உறுத்தியது இந்தக் கடைசி வாக்கியம். சொன்னால் உத்தரவை மீறியவன். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் தெருவுக்கு வருவார்கள். இடையில் அணஞ்சபெருமாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்து இருமுறை வணங்கினார். ஒருமுறை, "நாப்பத்தெட்டு நல்லா இருக்கு, மழைக்கும் போகல்ல," என்றார். கொட்டாரத்து அண்ணனுக்கு, வந்து தங்கையை அழைத்துப் போகும்படி ஆள் அனுப்பியாயிற்று என்று தங்கமுத்து அண்ணாச்சி சொன்னார். ஆட்களை எழுதி முடித்ததும் அழைத்துப் போவதாகப் பேச்சு.

தை மாதக் கடைசி வாரம். அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எந்த நாள் வருவேன் என்று முன்கூட்டிச் சொன்னேன். அது உத்தரவில் இருந்தது. பக்க வாசலில் பகவதி நின்றாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். சாப்பாட்டு நேரம்," என்றேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, வீடு என்றால் என்ன என்ற விளக்கத்தை உரக்க வாசித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எல்லா வீட்டிலும் அதை வாசிக்க வேண்டும் என்று இல்லை. வாசிக்கக் கூடாது என்றும் இல்லை.

"ஒருக்க இன்னும் வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

அணஞ்சபெருமாள் முன்னறையில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். தன் பெயர், வயது, தொழில் சொன்னார். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவளைத் தோவாளையில் இன்னொரு வாத்தியார் எழுதுவார். அடுத்து அவருடைய அம்மை, பகவதியின் நாத்தனார் நீலம்மை. அறுபதை ஒட்டிய வயது, விதவை.

"அவ்வளவுதான் சாரே. இந்த வீட்டுல இப்ப ரெண்டு பேரு. மத்தது நாப்பத்தெட்டாக்கும்."

"அடுப்பைப் பாக்கணும்," என்றேன்.

சாய்ப்புக்குப் போனோம். அடுப்புக் கல் மூன்றும் மதிலோரத்தில் கிடந்தன. கல் இருந்த இடம் சாணி மெழுகி ஈரம் காயாமல் இருந்தது. தட்டங்கள் இல்லை. உப்புச் சட்டி இல்லை. பசு மட்டும் எங்களைப் பார்த்தது.

அணஞ்சபெருமாளின் முகம் மாறியது. "பின்ன எங்க திங்கா?" என்றவர், பதிலை எதிர்பாராமல் அடுக்களைப் பக்கம் விரைந்தார். நானும் பின்னால் போனேன். அடுக்களை வாசலோடு நின்றுவிட்டேன்.

உள்ளே இரண்டு இலை போட்டிருந்தது. ஒன்றின் முன் பகவதி, மற்றதன் முன் அவள் மகள் உமையாள். இரண்டு இலையும் தண்ணீர் தெளித்துத் துடைத்தவை. இரண்டும் வெறும் இலை. உமையாள் இலையைப் பார்க்கவில்லை. நகத்தால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். பகவதி நிமிர்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பருகே நீலம்மை நின்றாள். உயரமான, மெலிந்த அம்மாள். கையில் சோற்று அகப்பை.

நான் மூன்று பேரையும் கவனித்தேன். யாரும் யாருக்கும் முன்பே சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை. பகவதி அழைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பரிமாறினால் வீடு ஒன்று. பரிமாறாவிட்டால், ஒரு சர்க்கார் ஆளின் முன்னால் இலை போட்டும் சோறு கிடைக்காதவள் ஆகிவிடுவாள். அதற்குப் பிறகு அவள் கொட்டாரத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அவளும் அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மே, போடாத," என்றார் அணஞ்சபெருமாள்.

நீலம்மை அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"மூணு மாசம் இந்த அடுக்களைய எட்டிப் பாக்காதவ, இண்ணைக்கு என்ன வந்திருக்கா? கணக்கெழுத ஆளு வந்ததுனால வந்திருக்கா. அம்மைக்குப் புரியல்லியா?"

"மயினி," என்றாள் பகவதி. அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

நீலம்மை மகனைப் பார்த்தாள். "ஏலே, ஒங்க அப்பா செத்த பொறவு, சுசீந்திரத்து வீட்டுல நான் இப்படி எல போட்டு இருந்தேன். நீ எனக்க மடியில. அவருக்க மருமகன் அடுக்களை நடையில இப்ப நீ நிக்கியே, இதே மாரி நிண்ணான். எனக்கு ஆரும் வெளம்பல்ல. எந்திரிச்சு, ஒன்னையத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டுக்கு நடந்து வந்தேன். இந்த வீட்டுல எனக்கு வெளம்பினது ஆருண்ணு தெரியுமா?"

நீலம்மை அகப்பையைப் பகவதி பக்கம் நீட்டினாள்.

"இவதான். கல்யாணமாகி வந்து மூணு மாசம். நான் ஆருண்ணுகூடச் சரியாத் தெரியாது இவளுக்கு."

"அம்மே, அது வேற கத..."

"அடுக்களையில ஒனக்கு என்னலே ஜோலி? கணக்கெழுதுகவரு கூடப் போய் கணக்கச் சொல்லு. போ."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். முதலில் உமையாளின் இலையில் சோறு போட்டாள். பிறகு பகவதியின் இலையில். அகப்பை நிறைய எடுத்துப் போட்டாள். புளிக்கறி ஊற்றினாள். பகவதி உடனே கை வைக்கவில்லை. நீலம்மை, "தின்னுட்டி, ஆறிப் போவும்," என்ற பிறகுதான் பிசைந்தாள். இரண்டு உருண்டை விழுங்கியபின் அவள் தோள் குலுங்கியது. அப்போது நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

முன்னறைக்கு வந்ததும் அணஞ்சபெருமாள் தணிந்த குரலில், "இது இண்ணைக்கு ஒரு நேரத்துக் கூத்து, சாரே. நாளைக்கு வந்து பாருங்க," என்றார்.

"எத்தனை நாள் உண்ணணும்ணு புத்தகத்துல இல்ல. நான் வந்தப்ப அடுப்பு ஒண்ணு."

நாற்பத்தெட்டுக்கு நேரே ஆளில்லை என்று கோடு போட்டேன். நாற்பத்தேழில் இன்னும் இரண்டு பெயர்கள் சேர்த்தேன்.

சார்ந்திருப்பவர்

பெயர்களைச் சேர்த்ததோடு வேலை முடியவில்லை. ஒவ்வொருவரும் சம்பாதிப்பவரா, பிறரைச் சார்ந்திருப்பவரா என்று ஒரு பத்தி அந்த முறை இருந்தது. அதை அவரவரிடமே கேட்டு எழுதுவது என் வழக்கம். பெண்கள் சாப்பிட்டு எழும்வரை காத்திருந்தேன்.

நீலம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கேள்வியைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "நான் என்னத்தச் சம்பாதிக்கேன்? பொங்கிப் போடுகேன். வேற என்ன?" பொங்கிப் போடுவதற்குப் பத்தி இல்லை. சார்ந்திருப்பவர் என்று எழுதினேன்.

அடுத்தது பகவதி. எண் போடவும் நாள் சொல்லவும் வந்த இரண்டு தடவையும் அந்தத் தொழுவத்தில் அண்டை வீட்டுப் பெண்கள் செம்போடு நிற்பதைப் பார்த்திருந்தேன். பசுவைக் கவனிப்பதும் கறப்பதும் அளந்து விற்பதும் அவள்தான். விதிப்படி அவள் சம்பாதிப்பவள். சந்தேகத்துக்கே இடமில்லை.

"பால் விக்கிறீங்க, இல்லியா?" என்றேன்.

அணஞ்சபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. தனியாகச் சம்பாதிப்பவளுக்கு வீட்டுச் சோறு எதற்கு என்று கேட்டுவிட எவ்வளவு நேரமாகும்? பேனாவை வைத்துக்கொண்டு நான் இரண்டாவது முறையும் அதே தவற்றைச் செய்யப் பார்த்தேன்.

பகவதி அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"பசு வீட்டுப் பசு. பாலு வீட்டுப் பாலு. நான் சும்மாதான் இருக்கேன், சாரே," என்றாள். "அப்படியே எழுதிக்கிடுங்க."

எழுதினேன்.

அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள். ஆட்கள் பார்க்க ஒருமுறை விளம்பிய நீலம்மை பிறகு நிறுத்தவில்லை. அம்மை உயிரோடு இருக்கும்வரை அணஞ்சபெருமாள் அதைப் பற்றிப் பேசவில்லை. உமையாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்து முடித்தாள். கொட்டாரத்து அண்ணன் வண்டியோடு வந்தார் என்றும், சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார் என்றும் தங்கமுத்து அண்ணாச்சி சொன்னார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் நிதானமாகப் படித்தது வேலையெல்லாம் முடிந்து அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில். ஜனத்தொகைக் கணக்கில் எழுதியது எதையும் எந்தக் கோர்ட்டிலும் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று அதில் இருந்தது. அந்த நாற்பத்தெட்டு, சட்டப்படி யாரையும் எங்கும் அனுப்பியிருக்காது. அது அணஞ்சபெருமாளுக்குத் தெரியாது. பகவதிக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

ஒன்றிரண்டு வருஷங்கள் கழித்து நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். சேர்ந்த புதிதில், அச்சாகி வந்த ஜனத்தொகை அறிக்கையைச் சுருக்கிச் செய்தியாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. ஊர் வளர்ந்திருந்தது, அதைத் தலைப்பாக்கினேன். உள்ளே, தொழில் ஏதுமின்றிப் பிறரைச் சார்ந்திருப்பவர் என்ற அட்டவணையில் பெண்களின் வரிசை நீண்டு போனது. அதற்கு அறிக்கை எழுதியவர், இந்தப் பகுதிப் பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவர்கள் என்று ஒரு வரி விளக்கம் கொடுத்திருந்தார்.

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று சற்று நேரம் யோசித்தேன். அதற்கு எதிராக என்னிடம் இருந்தது இரண்டு பெண்களின் கதை. அவர்களில் ஒருத்தி தனக்குத் தொழில் இல்லை என்று சிரித்துக்கொண்டே நம்பினாள். இன்னொருத்தி நம்பவில்லை; ஆனால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். அந்தச் சொல்லைக் கொடுத்து அவள் ஒரு கூரையை வாங்கியிருந்தாள். அதைத் திருத்த எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வரியை அப்படியே விட்டு, அச்சுக்கு அனுப்பினேன்.